குளிர் வண்டிக்குள் ஒரு சாட்சி

தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து மாட்டுங்காவுக்குத் தொலைவு அதிகமில்லை. செம்பூர் இன்னும் சற்றுத் தள்ளி இருக்கிறது. விடியற்காலையில் சாலை ஒழிந்திருக்கும்போது புறப்பட்டால் இரண்டு இடங்களிலும் சரக்கை இறக்கிவிட்டுக் காலைச் சிற்றுண்டி நேரத்திற்குள் திரும்பிவிடலாம். இவ்வளவு குறுகிய பயணத்தில், அதுவும் குளிர்சாதன வண்டிக்குள், ஒரு சரக்கு எப்படிக் கெட்டுப்போகும் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எங்கள் கிளையும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரும் ஏறத்தாழ மூன்று மாத காலம் திண்டாடினோம்.

அவரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். தம் பெயரும் கடையின் பெயரும் அச்சில் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரையிலும் அவர் அண்ணாச்சியாகவே இருக்கட்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய அவருடைய தந்தையார் அலுமினியப் பாத்திரத்தில் இட்லி சுமந்து தெருத்தெருவாக விற்றவர். மகன் இட்லியை விட்டு மாவுக்கு வந்தார். நான்கு பெரிய கிரைண்டர்கள், பொட்டலம் ஒட்டும் இயந்திரம் ஒன்று, இரண்டு பெரிய குளிர்ப்பெட்டிகள். அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களில் இட்லி மாவு மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்குப் போயிற்று. வியாபாரம் வளர்ந்தபோது முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில் எங்கள் கிளை அவருக்குக் கடன் அளித்தது. சிறிய குளிர்சாதன வண்டி ஒன்றை வாங்கினார். அதை ஓட்டியவர் அவருடைய தங்கை மகன்.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் பொட்டலங்கள் திரும்பி வரத் தொடங்கின. ஊதிப் பருத்து, ஓரம் விரிந்து, திறந்தால் புளிப்பு நெடி முகத்தில் அடித்தது. மாட்டுங்காவிலிருந்து வந்தவை சில. செம்பூரிலிருந்து வந்தவை பல. திரும்பி வரும் ஒவ்வொரு பொட்டலத்திற்கும் புதிய பொட்டலம் கொடுக்க வேண்டும். அரிசி, உளுந்து, மின்சாரம், கூலி எல்லாம் இரு மடங்கு. வரவு ஒரு மடங்கு. ஜூன் தவணை வரவில்லை. ஜூலைத் தவணையும் வரவில்லை. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடன் வரிசைக்குப் போய்விடும் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அண்ணாச்சியின் மனைவியாருடைய சங்கிலி ஏற்கெனவே எங்கள் கிளையின் நகைக் கடனில் இருந்தது.

நாங்கள் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வண்டியைப் பார்வையிடச் சென்றோம். கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினோம். குளிர்ந்த காற்று வீசியது. பொட்டலங்களைத் தொட்டோம்; அவையும் சில்லென்றிருந்தன. அப்படியானால் வழியில் யாரோ இயந்திரத்தை அணைத்திருக்க வேண்டும். “டீசல் கணக்கு இடிக்குது சார். பய மெஷினை அணைச்சுப் போட்டுட்டு ஓட்டுதான், மிச்சத்தை வித்துப்புடுதான்” என்றார் அண்ணாச்சி. தங்கை மகன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஆய்வு அறிக்கையில் “ஓட்டுநரின் கவனக்குறைவே சேதத்திற்குக் காரணமாகத் தெரிகிறது” என்று நாங்கள் எழுதினோம். அந்த வாரமே மருமகன் வேலையை விட்டு நீக்கப்பட்டார். தங்கையார் வீட்டோடு பேச்சு வார்த்தையும் நின்றது.

புதிய ஓட்டுநர் வந்தார். டீசல் கணக்கு நேராயிற்று. பொட்டலங்கள் மட்டும் முன்போலவே ஊதின.

முடிச்சு அவிழத் தொடங்கியது எங்கள் கிளைக்கு வரும் மற்றொரு வாடிக்கையாளரால். அவர் மாட்டுங்காவில் மருந்து மொத்த விநியோகம் செய்பவர். இன்சுலின் போன்ற மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். அதற்காக அவர் தம் பெட்டிகளுக்குள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கம்பியில்லா உணரிகளை வைத்திருந்தார். சென்சார் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து, நேரத்தோடு சேர்த்துப் பதிந்து, ரேடியோ அலை வழியே அருகிலுள்ள ஒரு வாங்கிக்கு அனுப்பும். அந்த வாங்கி, சிம் அட்டையின் உதவியால், அதைத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பும். உரிமையாளர் வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். மூன்று உணரிகளை ஒரு வாரத்திற்கு அண்ணாச்சிக்கு இரவலாகக் கொடுத்தார்.

ஒன்றைக் குளிர்காற்று வரும் வாய்க்கு அருகிலும், ஒன்றைக் கதவோரத்திலும் வைத்தோம். மூன்றாவதை மாவுப் பொட்டலங்கள் அடுக்கிய கூடையின் நடுவில், இரண்டு ஒரு கிலோ பொட்டலங்களுக்கு இடையே செருகினோம். இந்த மூன்றாவது இடத்தைச் சொன்னவர் மருந்து விநியோகஸ்தர்தான். எங்களை விட்டிருந்தால் மூன்றையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டியிருப்போம்.

மறுநாள் கைப்பேசியில் மூன்று கோடுகள் தெரிந்தன. காற்று வாயிலிருந்த கோடு 3 டிகிரியில் தொடங்கி, ஒவ்வொரு கடை வாசலிலும் மேலே ஏறி, மீண்டும் இறங்கியது. கதவோரக் கோடு அதைவிட உயரமாகத் துள்ளியது. கூடையின் நடுவிலிருந்த கோடு மட்டும் எதையும் பொருட்படுத்தவில்லை. சரக்கு ஏற்றும்போதே 15 டிகிரியில் இருந்தது. கடைசிக் கடையில் சரக்கை இறக்கியபோது 13. வண்டி குளிர்ந்துதான் இருந்தது. மாவு குளிரவே இல்லை.

காரணத்தைத் தேடி நாங்கள் பின்னோக்கிப் போனோம். மாலையில் அரைத்த மாவு புளித்து, நள்ளிரவுக்குப் பின் பொட்டலமாகி, குளிர்ப்பெட்டிக்குள் இரண்டு மூன்று மணி நேரம் நெருக்கி அடுக்கப்படுகிறது. வியாபாரம் இரட்டித்தபோதும் குளிர்ப்பெட்டிகள் இரண்டாகவே இருந்தன. கெட்டியான மாவு வெப்பத்தை எளிதில் விடாது. போதாக்குறைக்குப் புளிக்கும் மாவு தானும் வெப்பத்தை உண்டாக்குகிறது. வெளிப் பொட்டலம் கையைச் சில்லிடும்போது உள் பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் கையை ஏமாற்றியது அதுதான். இங்கே பலரும் அறியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். குளிர்சாதன வண்டியின் இயந்திரம், ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருப்பதற்காக அமைக்கப்பட்டது. சூடான சரக்கை ஏற்றிப் போகிற வழியில் குளிரவைக்கும் வலு அதற்குக் கிடையாது. செம்பூர்ப் பொட்டலங்கள் ஏன் அதிகம் கெட்டன என்பதும் விளங்கிற்று. மாட்டுங்காக் கடைகளில் நண்பகலுக்குள் மாவு விற்றுத் தீர்ந்துவிடும். செம்பூர்க் கடைகளில் மாலை வரை இருக்கும்.

டீசல் கணக்கையும் அந்தக் கோடுகளே தீர்த்துவைத்தன. இத்தகைய சிறு வண்டிகளில் குளிரூட்டும் கம்ப்ரசர், வண்டியின் எஞ்சினிலிருந்தே ஓடும். எஞ்சினை அணைத்தால் குளிரும் நின்றுவிடும். புதிய ஓட்டுநர் ஒவ்வொரு கடையிலும் எஞ்சினை அணைத்தார் என்பதைக் காற்று வாய்க் கோட்டின் ஏற்ற இறக்கம் காட்டியது. அதனால்தான் அவர் காலத்தில் டீசல் மிச்சமாயிற்று. அப்படியானால் முன்பு டீசல் கூடுதலாகச் செலவானது எதனால்? மருமகன் எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டிருந்தார். சரக்கு கெடக் கூடாது என்று அவர் செய்ததைத்தான் நாங்கள் திருட்டு என்று கருதினோம்.

மும்பை நகரம் இத்தகைய கண்காணிப்பைப் பெரிய அளவில் கண்டது 2021 ஜனவரியில். அம்மாதம் 12ஆம் நாள் விடியலில் புனே சீரம் நிறுவனத்திலிருந்து கோவிஷீல்டு தடுப்பூசியின் முதல் சரக்கு மூன்று குளிர்சாதன வண்டிகளில் புறப்பட்டது. மும்பையைச் சேர்ந்த கூல்-எக்ஸ் நிறுவனத்தின் வண்டிகள் அவை. 32 கிலோ எடையுள்ள 478 பெட்டிகள் புனே விமான நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து நாடெங்கும் பிரிந்தன. மறுநாள் காலை மும்பைக்கு 1,39,500 தவணை மருந்து சாலை வழியே வந்து பரேலில் உள்ள மாநகராட்சி அலுவலகத்தில் இறங்கியது. நான்காம் நாள், 16ஆம் தேதி, ஊசி போடும் பணி தொடங்கியபோது தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையும் முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது.

அந்த மருந்துக்கும் 2 முதல் 8 டிகிரிதான் வரம்பு. வெப்பம் மட்டும் பகை என்று எண்ணிவிடக் கூடாது. மஞ்சள் காமாலைத் தடுப்பூசியான ஹெபடைடிஸ் பி, குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் போன்றவை உறைந்துபோனாலும் வீரியம் இழக்கும். பனிக்கட்டிப் பைகளை அளவுக்கு மேல் வைத்துப் பாதுகாப்பாக அனுப்பிவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவர் தெரியாமல் மருந்தைக் கெடுத்துவிடலாம். மாவாவது ஊதிக் காட்டிக்கொடுக்கிறது. உறைந்து உருகிய ஊசி மருந்து வெறும் பார்வைக்கு நல்ல மருந்தாகவே தோன்றக்கூடும்.

இதனால்தான் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன், ஈவின் எனப்படும் மின்னணுத் தடுப்பூசி வலையமைப்பை 2015ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தொடங்கியது. தடுப்பூசி வைத்துள்ள குளிர்ப்பெட்டிக்குள் ஓர் உணரி. வெளியே சிம் பொருத்திய பதிவுக் கருவி. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு, ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை அனுப்புதல், வரம்பு மீறினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை. இது கிடங்கைக் காவல் காக்கும் ஏற்பாடு. சாலை வேறு வகையான சோதனை. வண்டி நகர்கிறது, கதவு திறக்கிறது, வழியில் அலைபேசிச் சமிக்ஞை அறுந்து போகிறது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகே தண்ணீர் தேங்கிவிட்டால் அரை மணிப் பயணம் எத்தனை மணியாகும் என்பதை அங்கே மாட்டிக்கொண்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ரேடியோ அலைக்கும் தடைகள் உண்டு. வண்டிப் பெட்டியின் உலோகத் தகடு அலையை வெளியே விடாது. உள்ளே இருக்கும் மாவு, பால், மீன், காய்கறி எல்லாவற்றிலும் நீர் மிகுதி. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நல்ல உணரி என்பது, அலை கிடைக்காதபோது அளவுகளைத் தன் நினைவகத்திலேயே சேமித்து, கதவு திறந்ததும் மொத்தமாக அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். தடைகளைத் தாண்டி அதிகத் தொலைவு செல்ல வேண்டிய இடங்களில், இந்தியாவில் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவிகள் உதவுகின்றன. வாங்கும்போது விற்பனையாளர் பேட்டரி எத்தனை ஆண்டு வரும் என்பதை விரிவாகச் சொல்வார். நினைவகத்தைப் பற்றி நாமாகத்தான் கேட்க வேண்டும்.

கடலில் இந்த ஏற்பாடு இன்னும் பெரிது. நாசிக் திராட்சை நவசேவாத் துறைமுகத்தில் ஏறி ஐரோப்பா சேரும் வரை பல வாரங்கள் உறைநிலையை ஒட்டிய குளிரிலேயே இருக்க வேண்டும். மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் குளிர்க் கொள்கலன்களில், சுமார் 2,70,000 கொள்கலன்களில், தொலைக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி, அதன் தகவலை 2017ஆம் ஆண்டு முதல் சரக்கு உரிமையாளர்களும் பார்க்கும்படி திறந்துவிட்டது. 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டு, நான்கு மாதங்களுக்குப் பின் ஏறத்தாழ 100 டன்னோடு வந்து சேர்ந்தது. எங்கே எப்போது எவ்வளவு உருகியது என்று எவரும் கேட்கவில்லை. மிஞ்சியதே லாபம் என்று விற்றார்கள். சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்படும் கட்டடம் அந்த வியாபாரத்தின் மிச்சம்.

இன்று அப்படி விட்டுவிட முடியாது. கடன் உண்டு, காப்பீடு உண்டு, உணவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்குள், உறைந்த உணவு கழித்தல் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. காப்பீட்டைப் பற்றி எங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. சரக்குப் பயணக் காப்பீடு எடுத்தாலே கெட்டுப்போன சரக்குக்குப் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பொருளின் இயல்பினால் வரும் கேடும், தாமதத்தினால் வரும் கேடும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கப்பட்டவை. உறைந்த உணவுக்கென உலகெங்கும் புழங்கும் விதிகளில், குளிரூட்டும் இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றிருந்தால்தான் இழப்பீடு என்று ஒரு நிபந்தனை உண்டு. கப்பலுக்கு அது பொருந்தும். தாராவியிலிருந்து செம்பூருக்குப் போகும் வண்டியில் 24 மணி நேரம் எங்கே வரப்போகிறது? பாலிசியில் கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்; உங்கள் சரக்குக்கு ஏற்ற கால அளவைக் கேட்டுப் பேசுங்கள். அப்படிப் பேசும்போது, இயந்திரம் எப்போது நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்று காட்டும் பதிவு கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

பதிவு வழக்குமன்றம் வரை போக நேர்ந்தால் அதற்கும் முறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுடன் உரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். வங்கிக் கணக்குப் புத்தகங்களைச் சாட்சியமாக ஏற்கும் சட்டம் 1891லேயே வந்துவிட்டது. வெப்பநிலைக் கணக்குக்கு இப்போதுதான் காலம் கனிந்திருக்கிறது. ஆகவே, சந்தா முடிந்ததும் பழைய பதிவுகள் மறைந்துவிடாமல் இருக்க, மாதந்தோறும் அவற்றை இறக்கிச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது; கணக்கு அறிக்கையைச் சேமிப்பது போலத்தான்.

உணரி சரியாக அளக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் விட்டுக் கலக்கி, நீர் புகாத உறையிலிட்ட உணரியை அதற்குள் வைத்து, அளவு நிலைபெறும் வரை காத்திருங்கள்; பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். கதவு திறந்த ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை மணி அடித்தால் நான்காம் நாள் எவரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து வரம்பு மீறினால் மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். மணி யாருடைய கைப்பேசியில் அடிக்கும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அண்ணாச்சி முதலில் தம் கல்லூரி செல்லும் மகளின் எண்ணைக் கொடுத்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பெண் எடுப்பாளா?

அண்ணாச்சியின் கணக்குக்கு வருவோம். நிலுவை 80 நாள்களைக் கடந்திருந்த நிலையில், மனைவியாரின் வளையல்களையும் அடகு வைத்துத் தவணைகளைக் கட்டினார். எங்களுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. ஆனால் கணக்கு தப்பித்தது. கணக்கு ஒழுங்காக இருந்ததால்தான் அடுத்த கடனைப் பற்றி எங்களால் பேச முடிந்தது. மாவைப் பொட்டலமிட்டவுடன் வேகமான குளிர்காற்றால் குளிரவைக்கும் சிறிய அறை ஒன்றும், காற்று புகும்படி துளையிட்ட கூடைகளும் அவருக்குத் தேவைப்பட்டன. 2020இல் தொடங்கப்பட்ட, குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமரின் திட்டத்தில் தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், கடனோடு இணைந்த மானியமாகக் கிடைக்கும். அந்தப் பணம் உடனே கைக்கு வருவதில்லை. மூன்றாண்டுகள் தனியே வைக்கப்பட்டு, அதன் பின்னும் தொழில் நடந்து, கணக்கும் ஒழுங்காக இருந்தால் கடனில் வரவு வைக்கப்படும். இதைக் கேட்டதும் அண்ணாச்சி, “அப்போ மூணு வருசமும் பாடம் ஒப்பிக்கணும்னு சொல்லுங்க” என்றார்.

இப்போது சரக்கு ஏற்றும் நேரத்தில் கூடையின் நடுக்கோடு 5 டிகிரிக்குக் கீழே நிற்கிறது. அது இறங்காதவரை வண்டிக் கதவைத் திறக்கக் கூடாது என்பது பட்டறையில் விதி. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைக்கும் டீசல் செலவுக்குத் தனித் தலைப்பே ஏற்பட்டுவிட்டது. பொட்டலங்கள் இன்னும் திரும்பி வருகின்றன. மாதத்திற்கு ஒரு கூடை போல. அவற்றுள் பாதி, கடைக்காரர் இரவில் குளிர்ப்பெட்டியை அணைப்பதால் வருபவை என்பது அண்ணாச்சியின் கட்சி. கடைக்குள் உணரி வைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

மருமகன் திரும்பி வரவில்லை. அவர் பிவண்டியில் மருந்துச் சரக்கு ஏற்றும் நிறுவனம் ஒன்றில் பெரிய குளிர்சாதன வண்டி ஓட்டுகிறார். தாய்மாமன் நேரில் போய் அழைத்தபோது காபி கொடுத்து அனுப்பிவைத்தாராம். தங்கையார் மட்டும் மறுபடி வீட்டுக்கு வந்து போகிறார்.

சென்ற ஆண்டு கடன் புதுப்பிப்பின்போது அண்ணாச்சி ஒரு வேண்டுகோள் வைத்தார். கோப்பில் ஓட்டுநரைப் பற்றி நாங்கள் எழுதிய அந்த வரியை அடித்துவிட முடியுமா என்று கேட்டார். வங்கிக் கோப்பில் ஒருமுறை கையெழுத்தான அறிக்கையை அடிக்கவோ கிழிக்கவோ எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொன்னோம். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. அன்றைய ஆய்வு அறிக்கையின் கீழே, முந்தைய அறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு, “சேதத்திற்கு ஓட்டுநர் காரணமல்லர், சரக்கு ஏற்றும் முன் போதிய அளவு குளிரவைக்கப்படாததே காரணம் என்பது வெப்பநிலைப் பதிவால் தெரியவந்தது” என்று எழுதி, மூன்று கோடுகள் உள்ள அச்சுப்பிரதியையும் இணைத்தோம். அதன் நகல் ஒன்றை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி பிவண்டிக்குப் புறப்பட்டார்.